கோடையில் கிராமத்து வானமும் தரையும்: கவனித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் இரவு பத்து மணிக்குக் கான்கிரீட் வீட்டுக்குள் படுக்க முடியாது. பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தளம் இரவில்தான் வெளியே விடும். ஃபேன் அந்தச் சூட்டையே திருப்பி அடிக்கும். அதனால் மாடியில் தண்ணீர் தெளித்துப் பாயை விரித்துவிடுகிறோம். மார்கழி வானம் இதைவிடத் தெளிவானதுதான், ஆனால் பனியில் எவ்வளவு நேரம் வெளியே இருக்க முடியும்? விடிய விடிய வானத்துக்குக் கீழே இருக்க வாய்ப்பு கிடைப்பது கோடையில்தான்.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்காகவும், ஊரிலேயே இருந்தும் அண்ணாந்து பார்க்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். டெலஸ்கோப் வேண்டாம். மலையேற வேண்டாம். தினமும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு ஏரிக்கரை, நாளைக்குத் தோப்பு என்று அலைந்தால் அழகான காட்சிகள் கிடைக்கும். ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பது பிடிபடாது. இயற்கையைக் கவனிப்பது என்றால் எனக்கு அந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

மொட்டை மாடி, நெற்களம், வயல் நடுவே உள்ள மோட்டார் ரூம் திண்ணை, எதுவானாலும் சரி. தெற்குப் பக்கம் மரமோ மாடியோ மறைக்காமல் இருக்கட்டும். தமிழ்நாடு ஏறக்குறைய 8 பாகையிலிருந்து 13.5 பாகை வரையிலான வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டெல்லிக்காரருக்கு எட்டாத தென் வானம் நமக்கு நன்றாகவே தெரியும். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. அது பார்க்கும் அதே தென் வானம்தான் உங்கள் மாடிக்கு மேலும் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். வாசலில் எரியும் எல்இடி பல்பை அணைத்துவிடுங்கள். தெருவிளக்கை அணைக்க முடியாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ மாடிப்படிச் சுவருக்குப் பின்னாலோ அதை மறைத்து உட்காரலாம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரு முறை செல்போன் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் நோட்டில் எழுத அந்த வெளிச்சம் போதும், கண்ணும் கெடாது.

ஆனால் நடந்து போகும்போது சிவப்பு வெளிச்சம் உதவாது, வெள்ளை டார்ச்சை அடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கோடையில் பாம்புகள் பகல் வெயிலுக்கு ஒதுங்கி இரவில் இரை தேடும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். கடித்த இடத்தில் வலியே இல்லாமலும் போகலாம். எனவே களத்திலோ வயலிலோ படுப்பதானால் கயிற்றுக் கட்டிலும், நன்றாகச் செருகிய கொசுவலையும் கட்டாயம். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்விட வேண்டும்.

படி 2: திசையைப் பகலிலேயே குறித்து வைப்பது

இரவில் எது தெற்கு என்று தடுமாறாமல் இருக்க, பகலில் ஒரு சின்ன வேலை. சமதளமான இடத்தில் ஒரு முழக் குச்சியை நேராக நட்டு, குச்சியின் உயரத்தையே ஆரமாக வைத்து, குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலை 9 மணி வாக்கில் நிழலின் நுனி சுருங்கிச் சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு புள்ளி. மதியம் 3 மணிக்கு மேல் நிழல் நீண்டு மறுபக்கம் வட்டத்தைத் தொடும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகப் போடும் கோடு வடக்கு தெற்கு. மாடித் தளத்தில் செங்கல் துண்டால் அதை வரைந்து வைத்தால் விடுமுறை முடியும் வரை உதவும்.

அதே குச்சி இன்னொன்றையும் காட்டும். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, குச்சிக்கு நிழலே இருக்காது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 அளவிலும், மதுரையில் 16 அளவிலும், சென்னையில் 24 அளவிலும் இது நடக்கும். கடிகாரம் 12 காட்டும்போது அல்ல, 12.05 முதல் 12.25 வரை பாருங்கள். அந்த நாள் கடந்ததும் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் மே, ஜூனில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று நினைத்திருக்கும் பிள்ளையை இதைப் பார்க்க வையுங்கள்.

படி 3: பகலில் தரையைப் பார்ப்பது

பதினொன்று முதல் மூன்றரை வரை வெயிலில் அலைய வேண்டாம். அந்த நேரத்துக்கு ஏற்ற வேலை வீட்டு நிழலிலேயே இருக்கிறது. மழை படாத தாழ்வாரத்து ஓரத்திலும், மாட்டுக்கொட்டகைச் சுவரடியிலும், பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் வடிவக் குழிகள் தெரியும். குழியானை என்ற சின்னப் புழுவின் வேலை அது. அருகில் குந்தி உட்காருங்கள். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரியும். சரிவு, மணல் நிற்கக்கூடிய கடைசிச் சாய்வில் கட்டப்பட்டிருப்பதால் எறும்பு ஏற ஏற வழுக்கும். அது தப்பப் பார்த்தால் குழியின் அடியிலிருந்து மண் துள்ளி வந்து மேலே விழும். புழு தன் தட்டைத் தலையால் மண்ணை வாரி எறிந்து எறும்பைக் கீழே இழுக்கிறது. கடைசியில் இரண்டு கொடுக்குகள் மட்டும் மண்ணுக்கு வெளியே ஒரு நொடி தெரியும்.

ஒரு புழுவை மண்ணோடு அள்ளி, வேறு பொடிமண்ணில் விட்டுப் பாருங்கள். பின்னோக்கியே நகர்ந்து, வட்டம் வட்டமாக உள்ளே சுருங்கிக்கொண்டே மறுபடி குழி வெட்டும். பார்த்து முடித்ததும் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். வளர்ந்தபின் இதே புழு, தும்பியைப் போலத் தோன்றும் மெலிந்த இறக்கைப் பூச்சியாகி, இரவில் வாசல் விளக்குக்கு வரும். தும்பிக்கு உணர்கொம்பு மயிரிழையாக இருக்கும். இதற்கோ நன்றாகத் தெரியும்படி நுனி தடித்திருக்கும்.

மரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புங்கன் பங்குனி சித்திரையில் இளந்தளிர் விடும், வேம்பு பூக்கும், சரக்கொன்றை இலையுதிர்த்து மஞ்சளாகத் தொங்கும். மழையே இல்லாத மாதத்தில் இவை துளிர்ப்பதற்குக் காரணம் ஆழத்தில் இருக்கும் வேர். ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு முதல் நாளும் கடைசி நாளும் படம் எடுத்தால் போதும்.

உழுது போட்ட காட்டிலோ காய்ந்த ஏரியிலோ ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் உடனே பின்வாங்குங்கள். அதன் முட்டைகள் வெறுந்தரையில், மண்ணாங்கட்டிகளின் நிறத்தில் கிடக்கும். உங்கள் காலடிக்கு அருகிலேயே இருக்கலாம். தாய் தள்ளி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காயும். தூரத்தில் போய் உட்கார்ந்தால், அது வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையின் மேல் உட்காருவதைப் பார்க்கும் பேறு கிடைக்கலாம்.

படி 4: அந்தி மயங்கும் நேரம்

சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்னால் உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். பேச்சு வேண்டாம். கொக்கும் நாரையும் அடையப் போகும் திசையைக் கவனியுங்கள். தினமும் ஒரே பாதைதான். பிறகு பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள், அதன்பின் பெரிய பழந்தின்னி வௌவால்கள். வீட்டோரம் மல்லிகைச் செடி இருந்தால் மொட்டு அவிழும் நேரமும் இதுதான், வாசனையே சொல்லிவிடும். முதல் விண்மீன் கண்ணில் படும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மினுக்காமல் நிலையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் அது கோள்.

படி 5: வானத்தில் வழி கண்டுபிடிப்பது

முதலில் அளவுகோல். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. சாண் விரித்தால் சுமார் 20. சுண்டுவிரல் அகலம் 1. இனி நான் 'மூன்று முஷ்டி' என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் நடுவில் இரவு எட்டு மணிக்குத் தென்மேற்கைப் பாருங்கள். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் அங்கே நாலு முஷ்டி உயரத்துக்கு மேல் இருக்கும். அதற்கு இடப்பக்கம் கீழே, ஒன்றரை முஷ்டி உயரத்தில், இரண்டாவது பிரகாசமானது: அகத்தியர் விண்மீன். மே பாதிக்கு மேல் இது இருட்டுவதற்குள் மறைந்துவிடும், ஆகவே முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வடக்கே திரும்புங்கள். மே மாத இரவு எட்டரை மணிக்குச் சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பையாக நாலைந்து முஷ்டி உயரத்தில் தெரியும். அகப்பையின் காம்பில், நுனியிலிருந்து இரண்டாவது விண்மீன் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. வைகாசிக் கல்யாணங்களில் பகல் வெளிச்சத்தில் கைகாட்டி முடித்துவிடுகிறார்கள். அதே வைகாசியில் இரவு எட்டரைக்கு மணமக்களை மாடிக்குக் கூட்டிப்போனால் உண்மையிலேயே காட்டலாம்! காம்புக்கு எதிர்முனையில் இருக்கும் இரண்டு விண்மீன்களைச் சேர்த்துக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டினால் துருவ விண்மீன். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை, நாகர்கோவிலில் 8 பாகைதான். பனைமரம் மறைத்துவிடும் உயரம் இது, தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

இப்போது அகப்பைக் காம்பின் வளைவை அப்படியே தொடர்ந்து கிழக்குப் பக்கம் இறங்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று சுவாதி. அதே வளைவில் இன்னும் தெற்கே வந்தால் நீலம் கலந்த வெள்ளையில் சித்திரை. அதையும் தாண்டி வளைத்தால் நான்கு விண்மீன்கள் கோணல் சதுரமாக: அஸ்தம். சுவாதியிலிருந்து வரும் ஒளி 37 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. வீட்டில் அந்த வயதில் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள், அவர் பிறந்த வருடத்து வெளிச்சம் இது என்று. உச்சந்தலைக்கு மேல், கொஞ்சம் மேற்கே சாய்ந்து, மகம் இருக்கும்.

இனி தெற்கு. கோடை வானத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அஸ்தத்திலிருந்து நேர் கீழே நான்கு முஷ்டி இறங்கினால் தென்சிலுவை. மே 1 அளவில் இரவு பத்து மணிக்கும், மே நடுவில் ஒன்பதே காலுக்கும், மாதக் கடைசியில் எட்டே காலுக்கும் அது நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். விண்மீன்கள் தினமும் நான்கு நிமிடம் முந்தி வருவதுதான் இதற்குக் காரணம். நாகர்கோவிலில் அடிவானத்துக்கு மேல் 22 பாகை, சென்னையில் 17 பாகை. துருவ விண்மீனுக்கு நேர் எதிர்க் கணக்கு.

இதற்கு மேற்கே இன்னொரு சிலுவை வடிவம் இருக்கிறது. அளவில் பெரியது, ஆனால் மங்கல். அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அடையாளம் எளிது: உண்மையான சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் துணைக்கு இருக்கும். அவற்றில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில், சூரியனை விட்டுவிட்டால், நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். தூரம் சுமார் 4.4 ஒளியாண்டு. பக்கத்தில் படுத்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கிளம்பிய ஒளி.

பைனாகுலர் இருந்தால் இன்னும் ஒன்று. சிலுவை நிமிர்ந்து ஒரு மணி நேரம் கழித்துச் சித்திரை நேர் தெற்குக்கு வரும். அங்கிருந்து கீழே மூன்றரை முஷ்டி. மங்கலான, ஓரம் தெளியாத ஒரு புள்ளி தென்படும். இருட்டு நன்றாக இருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், விழியின் ஓரப் பகுதிக்கு மங்கல் ஒளியை உணரும் திறன் அதிகம். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து அது. ஏறக்குறைய ஒரு கோடி சூரியன்கள், சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில்.

மே நடுவில் ஒன்பது மணிக்கெல்லாம் தென்கிழக்கில் விருச்சிகம் ஏறத் தொடங்கியிருக்கும்; நடுவில் சிவப்பாக இருப்பது கேட்டை. நள்ளிரவுக்குள் கொடுக்கு முதல் வால்வரை முழு உருவமும் தெற்கு வானில் வந்துவிடும். வட இந்தியாவில் அடிவானத்துப் புழுதியில் பாதி கரைந்துபோகும் வால், நமக்கு உயரத்தில் தெளிவாகக் கிடைக்கிறது.

படி 6: தினசரி காலண்டரும் நிலவும்

சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளில் 'இன்றைய நட்சத்திரம்' என்று போட்டிருப்பார்கள். பிறந்தநாள், நல்லநேரம் பார்க்கத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். அது உண்மையில் நிலவின் முகவரி. 'மகம்' என்று இருந்தால் அன்று நிலவு மகத்துக்கு அருகில். 'சித்திரை' என்றால் சித்திரைக்கு அருகில். சில நட்சத்திரங்களில் கொஞ்சம் முன்பின் இருக்கும். சுவாதி மட்டும் வடக்கே வெகுதூரம் விலகி இருப்பதால், நிலவு அதன் பக்கம் போகாமல் அதற்கு இணையாகத் தெற்கே கடந்துவிடும்.

நிலவு 27 நாள் சொச்சத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, ஆகவே நாளொன்றுக்கு ஒரு நட்சத்திரம். வளர்பிறையில் தினமும் தாளைக் கிழித்துக்கொண்டு மாடிக்குப் போனால், விடுமுறைக்குள் பாதி ராசிச் சக்கரமே பழகிவிடும். சித்திரை மாதப் பௌர்ணமி நிலவு சித்திரை விண்மீனுக்கு அருகிலும், வைகாசிப் பௌர்ணமி நிலவு விசாகத்தின் பக்கமும் இருப்பதை உங்கள் கண்ணாலேயே சரிபார்க்கலாம். அமாவாசையை ஒட்டிய ஒரு வாரத்தை மங்கலான விண்மீன்களுக்கு ஒதுக்குங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற, வான வரைபடம் காட்டும் செயலியை முதலில் திறக்க வேண்டாம். நீங்களாகக் கண்டுபிடித்ததைச் சரிபார்க்க மறுநாள் பகலில் திறக்கலாம்.

படி 7: காதால் பார்ப்பது

கண்ணை மூடிப் பத்து நிமிடம் கேளுங்கள். சுவர்க்கோழி ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும். மண்சாலைப் பக்கமிருந்து 'சுக்-சுக்-சுக்ர்ர்ர்' என்று வேகம் கூடிக்கொண்டே போகும் குரல் பக்கி என்ற இரவுப் பறவையுடையது. டார்ச் அடித்தால் அதன் கண் சிவப்பாக மின்னும். கிறீச்சென்று ஒற்றைக் கத்தலாகக் கேட்டால் கூகை. கெட்ட சகுனம் என்று அதைக் கல்லால் அடிக்கிறார்கள், எனக்கு அது தாங்க முடியாத வருத்தம். களத்து எலியை ராத்திரி முழுக்க அதுதான் பிடித்துத் தின்கிறது. தூரத்தில் ஆள்காட்டி திடீரென்று கத்தினால், அந்தப் பக்கம் ஏதோ நடமாட்டம்.

படி 8: விடிவதற்கு முன்

வாரத்தில் ஒரு நாளாவது மூன்றரைக்கு எழுந்திருங்கள். மே மாதத்தில், நிலவு இல்லாத நாளில், விருச்சிகத்தின் வாலுக்கு அருகே தெற்கில் பால்வீதி அகலமாகப் பரவிக் கிடக்கும். சாயங்கால வானத்தில் இந்தக் காட்சி கிடைக்காது. மே 5, 6 அளவில் கிழக்கே பார்த்துப் படுத்தால் ஹாலி வால்மீன் விட்டுச்சென்ற தூசியால் வரும் எரிமீன்கள் கிடைக்கலாம், பொறுமை வேண்டும். நாலரைக்குள் குயில் ஆரம்பித்துவிடும். ஊரில் இலுப்பைத் தோப்பு இருந்தால், ஏப்ரலில் இந்த நேரத்தில் அதன் கீழே போய் நில்லுங்கள். வௌவால்கள் வந்துபோன மரத்திலிருந்து பூ சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும்.

படி 9: கோடை மழை வரும் நாள்

மதியம் புழுக்கம் அடித்து மூன்று மணிக்குமேல் மேகம் கோபுரமாக எழும்பினால் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தூரம். பனை, தென்னை, புளியமரத்தடி, திறந்த வயல் எதுவும் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

ஆனால் கட்டாயம் வெளியே வாருங்கள். கறையான் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும், தேரைகள் அங்கேயே காத்திருக்கும். மறுநாள் காலையில் செம்மண்ணில் தம்பலப்பூச்சி தேடலாம். நல்ல மழைக்குப் பின் வெளிச்சம் படாத ஓடையோரப் புதர்களில் மின்மினிகள் வரும். பிடித்து பாட்டிலில் அடைக்காதீர்கள். அவற்றின் மினுக்கல் துணையை அழைப்பதற்கு, நம் டார்ச் வெளிச்சமும் அந்தப் பேச்சைக் கெடுக்கிறது.

படி 10: நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, வானத்தில் ஒன்று, தரையில் ஒன்று, காதில் விழுந்தது ஒன்று. 'மே 12, இரவு 9.20. சிலுவை தென்னை மட்டைக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. மாடிப்படியடியில் தேரை. மேற்கே மின்னல், சத்தம் இல்லை.' இவ்வளவுதான். அழகாக எழுத முயன்றால் நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். 'தென்னை மட்டைக்கு மேல்' என்று எழுதுகிறோமே, அதுதான் முக்கியம். அடுத்த வாரம் அதே நேரத்தில் சிலுவை மட்டைக்கு மேற்கே சாய்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

ஒரு பக்கத்தைக் கார்த்திகைக்கு ஒதுக்குங்கள். அந்த ஆறு மீன்களும் ஏப்ரல் கடைசியில் மேற்கே அந்தி வெளிச்சத்துக்குள் இறங்கிவிடும். மே 4 முதல் 28 வரையிலான கத்திரி வெயில் நாட்களில் சூரியன் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் தெரியாது. பள்ளி திறந்தபின், ஜூன் மூன்றாம் வாரத்தில் காலை நாலே முக்காலுக்குக் கிழக்கும் வடகிழக்கும் சேரும் திசையில் தாழ்வாகத் தேடுங்கள். மேற்கே கடைசியாகப் பார்த்த தேதி, கிழக்கே முதலில் பார்த்த தேதி இரண்டையும் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அதே தேதிகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.